வற்றாத கிணற்றுக்கு மார்க் போட்ட கதை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஓவர்சியர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு சேலத்துக்கு வந்தார். கக்கத்தில் தடித்த ஃபைல். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதாம். தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிக்கப் பதினாலு வழிகளைத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு. "உங்கள் காலத்தில் எல்லாம் குத்துமதிப்புதானே சார், மார்க் போடுகிற தொல்லை ஏது!" என்றார்.

நாங்களும் மார்க் போட்டோம். ஐந்து வழிகளுக்குப் போட்டோம். முதல் மார்க் வாங்கிய வழி எது, அதை ஏன் கடைசியில் அடித்தோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விட்டார். சொல்ல ஆரம்பித்ததை வாயில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் விலகி ஒரு நெசவு ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த நகரசபையில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு நெய் அனுப்புகிறார்கள். நெய் நல்ல நெய்.

என் படிப்பு பெரிதல்ல. சேலத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடம். பிறகு மேட்டூரில் அணை எழும்பியபோது நாலு வருஷம் லெவல் பார்க்கும் கருவியைத் தோளில் சுமந்தது. அவ்வளவுதான். ஆனால் உலகத்தையே அதிரவைத்த அணையைக் கட்டியவர்களில் நானும் ஒருவன் என்ற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது. அந்த மிதப்போடு நகரசபைக் குடிநீர் ஓவர்சியராக வந்து சேர்ந்தேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை ஆற்று மணலில் தோண்டிய ஒரு கிணறு, அதன் மேல் ஓர் ஆயில் என்ஜின், அங்கிருந்து ஊர்வரை ஒன்றரை மைல் இரும்புக் குழாய், ஊர் நடுவே ஒரு மேல்தொட்டி, தெருவுக்குத் தெரு குழாய்கள். என்ஜின் தண்ணீரை இழுத்து மேல்தொட்டிக்குத் தள்ளும். தொட்டியிலிருந்து தெருக் குழாய்க்கு வரும். என்ஜின் 'டுப், டுப்' என்று போடும் சத்தம் ஊர்க்கோடிவரை கேட்கும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் குடத்தை எடுப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் என்ஜினீயர் வெங்கோப ராவ். ஒல்லியான மனுஷர். மூடிய கோட்டு, ஜரிகை மங்கிய தலைப்பாகை, அந்தத் தலைப்பாகையின் மடிப்பில் ஒரு பென்சில். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படிப்பார். பென்சிலை உருவுவார். ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் அலைய வேண்டியிருக்கும். திட்டிவிட்டால் தேவலை என்று தோன்றும்.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் தொடர்ந்து இரண்டு மழை பொய்த்தது. காலையில் மூன்று மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும்தான் ஆற்றுக் கிணறு தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் ஓட்டினால் பம்பு காற்றை இழுத்துக்கொண்டு செருமும். தெருக் குழாய்களில் குடச் சண்டை ஆரம்பித்தது. நகரசபை கூடியது.

எல்லோரிடமும் ஒரு யோசனை இருந்தது. ஒருவர், காவிரி எங்கே போய்விட்டது, மோகனூரிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டு வரலாம் என்றார். இன்னொருவர், ஆற்றுக் கிணற்றுக்கு வெடி வைத்து ஆழப்படுத்தலாம் என்றார். மூன்றாமவர், மேச்சேரிப் பக்கம் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார், அவரை அழைக்கலாம் என்றார். குழாய் திறக்கும் நேரத்தைக் குறைக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். யாருக்கும் காது கேட்கவில்லை.

கடைசியாகச் சேர்மன் எழுந்தார். பெரிய நெய் வியாபாரி. நல்ல மனுஷர்தான். தம் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசை அவருக்கு இருந்தது.

"ஏனுங்க, எல்லாரும் ஊரைச் சுத்தி ஓடறீங்க. தெக்கால பள்ளத்து வளவுல மாராயி கெணறுன்னு ஒண்ணு இருக்குதுங்களே, பாத்தீங்களா? ஊரே காஞ்சு கெடக்குது, அது மட்டும் தளும்பிக்கிட்டு நிக்குது. அதை எடுத்து ஒரு மிசினை வெச்சு நம்ம கொழாயில சேத்திப்போட்டா என்னங்க?"

கிணறு அதிசயம்தான். ஆனால் அது இருந்த இடம் பள்ளத்து வளவு. அந்த நாற்பது வீட்டுக்காரர்கள் ஊர்க் குழாயில் குடம் வைக்க ஊரார் விடுவதில்லை. பொதுக் குழாய் எல்லோருக்கும் பொது என்ற சர்க்கார் உத்தரவு ஆபீஸில் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

பட்டு ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு மெம்பர் தொண்டையைக் கனைத்தார். "தண்ணி மிசினுக்குள்ள போயி, இரும்புக் கொழாயில ஏறிப்போச்சுன்னா அப்புறம் அதுல ஒண்ணுமில்லீங்க. இரும்புக்குத் தீட்டு ஒட்டாது."

"பிளீச்சிங் பவுடர் வேற போடறோமுங்களே," என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. தாகம் மனுஷனை எவ்வளவு சீக்கிரம் சீர்திருத்தவாதியாக்குகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெங்கோப ராவ் இப்போது எழுந்து, "ஐந்து யோசனைகள். ஐந்தையும் அளந்து பார்த்து மார்க் போட்டு வைக்கிறேன்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

மறுநாள் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று கேள்வி. ஒன்று, தினம் எத்தனை குடம் கிடைக்கும்? இரண்டு, எத்தனை நாளில் கிடைக்கும்? மூன்று, இதைச் செய்தால் யாருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும்? இங்கிலீஷ் காலன் கணக்கு மெம்பர்களுக்குப் புரியாது என்பதால் எல்லாமே குடம். கடைத்தெருவில் ஒரு பித்தளைக் குடத்தை வாங்கி, அதற்கு ஆபீஸ் முத்திரை குத்தி, நகரசபைக் குடம் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் கொடத்து ராயர்.

மூன்றாவது கேள்விக்கு நான் முதல் நாளே ஐந்து பக்கத்திலும் 'யாருக்கும் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டேன். வேலை கொஞ்சம் குறையுமே என்று.

முதலில் மாட்டு வண்டி. இரண்டு தகரப் பீப்பாயோடு நானே மோகனூர் போய், காவிரியில் முப்பது குடம் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். வழியில் எருதுகள் குடித்தன. வண்டிக்காரர், "ஒடம்பெல்லாம் புழுதிங்க," என்று சொல்லிவிட்டு ஒரு குடத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார். நாமக்கல்லைத் தாண்டியதும் ரோட்டோரத்து ஜனங்கள் செம்போடு வந்து நின்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பீப்பாய் தானாகவே ஒழுகியது. ஊர் வந்து சேர்ந்தபோது பதினோரு குடம். நேர்மையாக அத்தனையும் எழுதிக் கொடுத்தேன். ராவ் படித்துவிட்டு ஓரத்தில், 'எருது?' என்று எழுதினார். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. வீடு போய்ச் சேர்ந்த எருதுகள் அங்கே ஊர்த் தண்ணீரை எவ்வளவு குடித்தன என்று கேட்கிறார். வண்டிக்காரரிடம் போய் விசாரித்தேன். மூன்று குடம். மிச்சம் எட்டு.

வெடி வைப்பதைப் பாறை உடைப்பவர்களிடம் கேட்டோம். மூன்று மாதமாகும், பாறை விரிந்தால் இருக்கிற ஊற்றும் கீழே போய்விடலாம் என்றார்கள். அந்தப் பக்கத்துக்கு மார்க் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

தேங்காய்க்காரர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். பின்னால் பாதி ஊர். நாலு தெரு நடந்தும் தேங்காய் படுத்த படுக்கையாகவே இருந்தது. தெற்கு ரோட்டில், பள்ளத்து வளவுக்கு மேலே வந்தபோது அது திடுக்கென்று எழுந்து செங்குத்தாக நின்றது.

"இங்கதானுங்க! பெரிய நீரோட்டம். கெழக்கால இருந்து மேக்கால போவுது. இந்தக் கையகலந்தான் இருக்கும், ஆனா வேகம் சாஸ்தி!"

சேர்மனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்துக்கு நேர் கீழே, பதினைந்து கஜத்தில், மாராயி கிணறு.

பிறகு நான் கிணற்றைச் சோதிக்கப் போனேன். மாராயிக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் ஆனைமலை எஸ்டேட்டில் வேலை. அவன் சம்பாத்தியத்தில் வெட்டிய கிணறு. வளவு முழுக்க அதில்தான் தண்ணீர் எடுத்தது. நான் எருது பூட்டிக் கவலைச் சால் கட்டி இறைக்கப் போகிறேன் என்றதும் அவள் கடலைக்காய் உரித்துக்கொண்டே, "எறைங்க சாமி. சாயங்காலம் எங்களுக்குக் கொஞ்சம் உட்டுப்போட்டு எறைங்க," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. அணை கட்டியவன் கேட்பேனா?

காலை ஒன்பதரைக்குள் அடி தெரிய இறைத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்தால் எட்டு அடி ஏறியிருந்தது! மறுநாள் விடிந்ததும் மறுபடி அடிவரை இறைத்தேன். ஒன்பது மணிக்குப் பத்தடி. இப்படி ஒரு ஊற்றை மேட்டூரில்கூடக் கண்டதில்லை. இரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். அதில் 'வற்றா ஊற்று' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. மார்க் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ராவுக்குக் காட்டுமுன் வழியில் சேர்மனைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை, படித்துக் காட்டிவிட்டேன். அவர் அன்றைக்கே கல் தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றே நாளில் ஒரு கருங்கல் தயாராகி நகரசபை வாசலில் சாய்த்து வைக்கப்பட்டது. 'வற்றா ஊற்று நீர் நிலையம்' என்று மேலே. அதற்குக் கீழே சேர்மன் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில்.

ராவ் என் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். தலைப்பாகையிலிருந்து பென்சில் வந்தது. ஓரத்தில் எழுதினார்: 'நடுவில்?'

ஒன்பதரைக்கும் ஐந்துக்கும் நடுவில் கிணறு என்ன செய்தது என்று கேட்கிறார். நடுவில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அதை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

மறுநாள் மறுபடி போனேன். இறைத்துவிட்டு, இந்தத் தடவை கிணற்று மேட்டிலேயே குடையை விரித்து உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை அளவுகோலை விட்டேன். பத்து மணி, ஏற்றம் இல்லை. பதினோரு மணி, இல்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, ஒரு விரக்கடைகூட இல்லை. என் தொண்ணூற்று மூன்று மார்க் வெயிலில் உருகிக்கொண்டிருந்தது. மாராயி வேப்பமர நிழலில் கடலைக்காய் உரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, ஏன் வெய்யில்ல காயறீங்க? மூணு மணிக்கு வாங்க."

"மூணு மணிக்கு என்னம்மா?"

"மூணு மணிக்குத்தானுங்களே மிசினு போடுவீங்க. மிசினு கத்துனா கெணறு ஏறும். மிசினு நின்னா நின்னுக்கும். நாலு வருசமா அப்பிடித்தானுங்க."

நான் குடையை மடக்கினேன். "இதை அன்னைக்கே ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்களே! அளக்கறவருக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

சரியாக மூன்று மணிக்கு ஆற்றுப் பக்கமிருந்து 'டுப், டுப்' கேட்டது. கால் மணியில் கிணற்றுச் சுவரின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. கிணற்றுப் படியில் இறங்கி ஒரு கை பிடித்துக் குடித்தேன். ஆற்றுக் கிணற்றில் நாங்கள் போடும் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது.

அத்தனையும் எங்கள் தண்ணீர். ஆற்றிலிருந்து நாங்கள் தள்ளியது மேலே ரோட்டில் எங்கோ குழாய் மூட்டு விட்டு, மண்ணுக்குள் இறங்கி, இந்தக் கிணற்றில் ஊறுகிறது. அதற்கு ஒரு பம்பு வைத்து மறுபடி அதே குழாயில் ஏற்றி, மறுபடி ஒழுகவிட்டு, மறுபடி ஏற்றியிருப்போம். ஊரின் தண்ணீர் உள்ளூரிலேயே கிரிவலம் வந்திருக்கும். மேலே சேர்மன் பெயரோடு கருங்கல்.

ராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தூங்கியது உட்பட. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "அளந்துவிடுவோம்," என்றார். ஆற்றுக் கிணற்றில் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் அளக்க, மேல்தொட்டியில் எவ்வளவு ஏறுகிறது என்று நான் அளந்தேன். பத்துக் குடம் கிளம்பினால் ஏழு குடம்தான் ஊருக்கு வந்து சேர்ந்தது.

இனி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்புக் கோல். ஒரு முனையை மண்ணில் குழாய்மேல் ஊன்றி, மறு முனையில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் பீறிடும் இரைச்சல் கேட்கும். ஆனால் தெற்கு ரோடு முழுக்கத் தறிச் சத்தம். நான் வீடு வீடாகப் போய் அரை மணி நேரம் தறியை நிறுத்தும்படி கெஞ்சினேன். நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க ரோட்டுக்கு வந்து, தறியைவிட அதிகமாகச் சத்தம் போட்டார்கள். அவர்களையும் வாயைப் பொத்த வைத்தேன். வெங்கோப ராவ் தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கோட்டோடு நடுரோட்டில் குப்புறப் படுத்துக் கோலில் காதை வைத்தார். பத்தடிக்கு ஒரு தடவை எழுந்து, நகர்ந்து, மறுபடி படுத்தார்.

"அய்யோ, ராயருக்கு மயக்கமுங்கோ!" என்று ஒரு அம்மாள் மோரோடு ஓடிவந்தார். "ஷ்ஷ்!" என்று ஊரே அந்த அம்மாளை அடக்கியது.

ஒரு இடத்தில் அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையை மட்டும் தூக்கிக் காட்டினார். தோண்டினோம். மூட்டில் ஊற்றிய ஈயம் பாதிக்கு மேல் விட்டுப்போய், தண்ணீர் விசிறியடித்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "நாஞ் சொல்லலீங்களா?" தேங்காய்க்காரர். அவர் தேங்காய் எழுந்து நின்ற இடம் அதேதான். கிழக்கிலிருந்து மேற்கு, கையகலம், வேகம் ஜாஸ்தி. நாலு அங்குல இரும்புக் குழாய்! "நான் சொன்ன எடத்துல நீரோட்டம் இருந்துதா, இல்லீங்களா?" என்று அவர் மல்லுக்கு நின்றார். ராவ் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இருந்தது," என்று தீர்ப்புச் சொன்னார். தேங்காய்க்காரருக்கு ஒரு ஜோடி வேட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

ஓட்டையை அடைத்தால் போதும். ஒரே நாளில், மற்ற நாலு வழியும் சேர்ந்து தருவதைவிட அதிகக் குடம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஈயம் உருக்க ஆள் அனுப்பினேன். அப்போது பள்ளத்திலிருந்து மாராயி ஏறிவந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள்.

"இதை அடைச்சுப்போட்டா எங்க கெணறு காஞ்சு போவுமுங்களே, சாமி?"

"இது ஊர்த் தண்ணிம்மா."

"தெரியுமுங்க. நாலு வருசமா ஊர்த் தண்ணியத்தானுங்க குடிக்கறோம், ஊருக்குத் தெரியாம." குழியைக் கையால் காட்டினாள். "எங்க கெணத்துத் தண்ணி உங்க கொழாயில வரலாம்னு கூட்டத்துல பேசிக்கிட்டாங்களாமே. நாங்க மட்டும் கொழாய்க்கு வரக் கூடாதுங்களா?"

என் கோட்டுப் பையில் அந்த நோட்டு இருந்தது. அதில் ஐந்து பக்கத்திலும் என் கையெழுத்தில் 'யாருக்கும் இல்லை.' ராவிடம் போய் நோட்டை நீட்டினேன். ஐந்து பக்கத்திலும் அந்த வரியை நானே அடித்திருந்தேன். ஓட்டை அடைப்பதற்கென்று புதிதாகத் தொடங்கிய ஆறாம் பக்கத்தில், 'நாற்பது வீட்டுக்கு' என்று எழுதியிருந்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். பென்சிலை எடுக்கவில்லை.

"அருளப்பன், இந்தக் குழாய் வரிசையில் தாழ்ந்த இடம் எது?"

"இதே இடம்தான் சார். பள்ளத்துக்கு மேலே."

"தாழ்ந்த இடத்தில் வண்டல் மண்டி தங்கும். அதை வெளியேற்ற ஒரு வாஷ்-அவுட் வால்வு இருக்க வேண்டுமே. ஏன் இல்லை?"

"யாரும் வைக்கவில்லை சார்."

"பெரிய குறை," என்றார் ராவ். அவர் சிரித்ததை நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. ஆனால் பென்சிலைத் தலைப்பாகையில் செருக இரண்டு தடவை தவறினார். "வால்வு வைக்கிறவரை ஈயம் உருக்க வேண்டாம். எல்லாம் ஒரே வேலையாகச் செய்வோம்."

நகரசபை மறுபடி கூடியது. சேர்மன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வாசலில் அந்தக் கல், வருகிற போகிறவர்கள் படித்துச் சிரிக்க. ராவ் மார்க்குகளை வாசித்தார். மாராயி கிணற்றுக்குத் தொண்ணூற்று மூன்று போட்டிருந்ததை அடித்துப் பூஜ்யமாக்கியிருந்தார். ஓட்டை அடைப்பதற்கு முதல் மார்க். குழாய் நேரத்தைக் குறைப்பதற்கு இரண்டாம் மார்க். இந்தத் தடவை எல்லோருக்கும் காது கேட்டது. பிறகு, அதே மூச்சில், வாஷ்-அவுட்.

"ஆற்றில் நீர் குறைந்தால் மண்டி ஜாஸ்தி. ஆகவே பம்பு ஓடும்போது தினம் இரண்டு வேளை திறந்து கழுவ வேண்டும். கழுவுகிற நீர் ரோட்டை அரிக்காமலிருக்கப் பள்ளத்தில் ஒரு சிறு தொட்டி. தொட்டிக்கு நாலு குழாய்."

பட்டு ஜவுளிக்காரர் நிமிர்ந்தார். "கழுவற தொட்டிக்கு நாலு கொழாய் எதுக்குங்க?"

"நாலு பக்கமும் சமமாக வடிய."

"அப்போ வளவுக்குக் கொழாய் போடறீங்களா?"

"இல்லை. வாஷ்-அவுட்," என்றார் ராவ்.

"பேர் என்னவா இருந்தா என்னங்க, அங்க போயி..." என்று அவர் இழுத்தார். இரண்டு மூன்று தலைகள் அவரோடு ஆடின. விஷயம் கைநழுவப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோலச் சேர்மன் பக்கம் போய், காதோரம் சொன்னேன்: "கல்லை அந்தத் தொட்டியில் பதித்துவிடலாமுங்க. அதுவும் நீர் நிலையம்தான். எழுத்து ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை."

சேர்மன் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"ஏனுங்க, இதெல்லாம் டெக்னிக்கல் விசயமுங்க. என்ஜினீயரு சொல்றாரு. நாம உள்ள பூந்து குழப்பக் கூடாது. பாஸ்!"

பத்து நாளில் தொட்டி எழும்பியது. அதன் நெற்றியில் சேர்மன் பெயர் வெயிலில் மின்னியது. திறப்பு விழாவுக்கு அவரே வந்து முதல் குழாயைத் திறந்தார். மாராயி முதல் குடம் பிடித்தாள். ஓட்டை அடைத்த ஊர், நேரம் குறைத்த குழாய்களோடு, ஐப்பசி மழைவரை எப்படியோ ஓட்டிவிட்டது. சண்டை போடாமல் ஓட்டியது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் ராவ் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்விட்டார். புது என்ஜினீயர் வந்து சேருமுன், மதராஸிலிருந்து ஒரு அதிகாரி குடிநீர்க் கணக்குப் பதிவேட்டைப் பரிசோதிக்க வந்தார். தொப்பி வைத்தவர், கெட்டிக்காரர். பக்கம் பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன வாஷ்-அவுட்? தினம் இரண்டு வேளை, ஐந்து மணி நேரம்? மதராஸ் பட்டணத்துக்கே வருஷத்துக்கு நாலு தடவைதானே? வாரும், போய்ப் பார்ப்போம்."

போனோம். நாலு குழாயும் திறந்திருந்தது. நாலு வரிசையில் பெண்கள், குடங்கள், சிரிப்பு, பேச்சு. அதிகாரி கல்லைப் படித்தார். குழாய்களை எண்ணினார். என்னைப் பார்த்தார்.

"மழைதான் கொட்டித் தீர்த்துவிட்டதே. ஆறு நிறைய ஓடுகிறது. உமது லைனில் இன்னுமா அழுக்கு?"

ராவ் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் மாராயி. அவள் குடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ரொம்ப அழுக்குங்க சாமி. எந்தக் காலத்து அழுக்கோ! இப்பத்தானுங்க கொஞ்சம் கொஞ்சமாத் தெளியுது. நிறுத்தாமத் தொறந்து உட்டுக்கிட்டே இருக்கோணுமுங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் குடத்தில் விழுந்துகொண்டிருந்த கண்ணாடி போன்ற தண்ணீரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டைத் தொட்டிச் சுவரின்மேல் வைத்து, என் பேனாவை வாங்கி, வாஷ்-அவுட் பத்திக்கு எதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'நேரில் பார்த்தேன். தேவையானது. தொடரவும்.'